கயிறு கட்டிய கை

எண்பதுகளில் வடக்கே ஒரு பயணப் படகு கவிழ்ந்தபோது நாடு முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அந்தத் துக்கத்தை இன்றும் எல்லோரும் ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் நினைவுகூர்கிறார்கள். ஈப்போவில் நான் பக்கம் அமைத்துக்கொண்டிருந்த தமிழ் நாளிதழில் அது முதலில் வந்தது. மற்றவர்கள் எங்களிடம் வாங்கிப் போட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து ஒருவர் கரையேறுகிறார். மார்போடு அணைத்த குழந்தையின் தலை அவர் முகத்தில் பாதியை மறைக்கிறது. முழங்கைக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு.

பதினைந்தாம் நாள் மதியம், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண் ஒருவர் அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கூடவே குனோங் ராபாட்டில் இருந்த அவருடைய அண்ணன், தலைக்கவசத்தைக் கழற்றாமல். பெண்ணின் கணவர் அந்தப் படகில் போயிருந்தார். உடல் கிடைக்கவில்லை.

“இது எங்க வீட்டுக்காரருங்க. கழுத்த இப்படித்தான் சாய்ப்பாரு.”

“தெரியறது பாதி மூஞ்சி. அதுல கண்டுபுடிச்சிட்டாளாம்,” என்றார் அண்ணன். “கயிறு எந்தக் கையில இருக்கு பாருங்க சார். மச்சானுக்கு எங்க கோயில்ல வலது கையிலதான் கட்டுனாங்க. ஆம்பள எவனாச்சும் இடது கையில கட்டுவானா லா? வேற ஆளுன்னு தோட்டமே சொல்லியாச்சு. நாளைக்குப் பதினாறு. சொந்தக்காரங்க தஞ்சோங் மாலிம்லேருந்து கிளம்பிட்டாங்க. தாலி கழட்ட மாட்டேன்னு நிக்கிறா.”

“உயிரோட இருக்கறவருக்கு எப்படிக் கழட்டுறது?” அண்ணனிடம் சொல்வதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

கயிறு ஏன் இடது கையில் இருந்தது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். மூலப் படத்தில் அவர் இடப்பக்கம் நோக்கி நடக்கிறார். நான் அவரைப் பக்கத்தின் இடது ஓரத்தில் வைக்க வேண்டியிருந்தது. படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, இடது வலதாக மாறும்படி பிரதி எடுக்கச் சொன்னேன். திருப்பியதைக் காட்டிக்கொடுக்கக்கூடியவற்றை முதலில் சரிபார்த்தேன். பெயர்ப்பலகை இல்லை. கைக்கடிகாரம் இல்லை. சட்டைப் பையும் பொத்தானும் குழந்தைக்குப் பின்னால். கயிற்றையும் பார்த்தேன், எந்தக் கை என்று யோசிக்கவில்லை. சின்ன வயதில் வலது கையில் கட்டிக்கொண்டவன்தான் நானும்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர்கள் கிளம்பியிருப்பார்கள், மறுநாள் காரியம் நடந்திருக்கும். மேசை இழுப்பறையிலிருந்து நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“படம் திருப்பிப் போட்டது. நான்தான் செய்தேன். கயிறு வலது கையில்தான் இருக்கிறது.”

அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றினார். “ஆள இப்படிக்கூட மாத்திப் போடுவீங்களா?”

“நான் சொன்னேன்ல,” என்றார் அந்தப் பெண். “இருக்காரு.”

“இருந்தா பதினஞ்சு நாளா எங்க போனாரு?” அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

படம் எடுத்த எங்கள் வடக்கு நிருபரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இணைப்பு கிடைத்தது.

“முன்பல்லு ஒன்னு உடைஞ்சிருக்கும். கேளுங்க,” என்றார் அந்தப் பெண்.

கேட்டேன்.

“ஆமா, உடைஞ்சிருந்துச்சு,” என்றார் நிருபர். “புள்ளய ஒரு அம்மா கையில குடுத்தாரு. ‘இன்னொன்னு இருக்கு’ன்னு தமிழ்லதான் சொன்னாரு. திரும்பத் தண்ணிக்குள்ள போனாரு. கேமராவுல பிலிம் மாத்திட்டு நிமிந்து பாத்தேன். ஆளக் காணோம். அப்புறம் வரவே இல்ல.”

தொலைபேசியை வைத்தேன். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் மடித்த தாளை விரித்து, தண்ணீர் முடியும் இடத்தில் விரலை வைத்தார்.

“அப்போ கரைக்கு வந்துட்டாரு.”

“வந்துட்டுத்தான் போயிருக்காரு,” என்றார் அண்ணன்.

அந்தப் பெண் தாளை மறுபடி மடித்தார். “நாளைக்கே வச்சிரலாண்ணே,” என்றார். பிறகு என்னிடம், “காரியத்துல முன்னால வைக்கறதுக்கு வேற நல்ல படம் இல்ல. கயிறு சரியான கையில இருக்கற மாதிரி ஒன்னு குடுப்பீங்களா?”

குழந்தையை முடிந்தவரை தவிர்த்து, தெரியும் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்,” என்றார். “புள்ள இருக்கட்டும்.”