ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ‘எதனால் அக்கா’ என்று பெயர். டாக்டர்கள் வைத்தது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு கீழ்த்தளத்தில் இருக்கும் கோடிங் அறைக்கு வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய எண்ணைத் தேடிப் போடுவது அவள் வேலை. யாராவது வெறுமனே ‘ரத்தசோகை’ என்று எழுதி அனுப்பினால், வந்த வேகத்தில் கோப்பு மாடிக்குத் திரும்பிவிடும். கூடவே ‘எதனால்?’ என்று ஒரே ஒரு சொல். சத்துக் குறைவா, ரத்தப்போக்கா, அணுக்கள் உடைகின்றனவா என்று தெரியாமல் அவள் எண் போட மாட்டாள்.

வீட்டிலும் அதே கதைதான். “இவகிட்ட தலைவலின்னு சொல்லிடாதீங்க. எந்தப் பக்கம், எப்பலேர்ந்து, எதனாலன்னு விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள வலியே சலிச்சுப்போய் எழுந்து போயிடும்” என்பார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். போன வாரம் ஒரு கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போனவர், மூன்றாம் மாடிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். “ரிப்பேர் பார்க்க வந்தவரே ரிப்பேரா?” என்று யாரோ கேட்டதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. விளக்கடியில் நிறுத்தி அவர் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள். சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போகிறதென்று அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். அன்று அவள் எதனால் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ளச் சொன்னாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்திலேயே சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றி, கொஞ்சம் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“சிவப்பணுக்கள் ஆயுசு முடியறதுக்கு முன்னாடியே உடையுதும்மா” என்றார் டாக்டரம்மா.

“எதனால டாக்டர்?”

“கேப்பீங்கன்னு தெரியும். பிறவியிலேயே இருந்தது இப்ப தலைகாட்டுதா, நடுவுல வந்ததான்னு ஒரு டெஸ்ட் பாக்கி. ரிசல்ட் வந்ததும் கோப்பை முடிச்சிடறேன். வியாழக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் வாங்க.”

அணுக்கள் உடையும் வியாதிகள் அவளுடைய எண் புத்தகத்தில் வரிசையாகக் குடியிருந்தன. பரம்பரையாக வருபவை ஐம்பத்தெட்டோடு முடிந்துவிடும். பிறகு வந்து சேர்பவற்றுக்கு ஐம்பத்தொன்பது. அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடிவைத்திருக்கிறாள். மனசு ஒருநாளும் அடித்துக்கொண்டதில்லை.

இப்போது அடித்துக்கொண்டது. மகளுக்கு இது ஏழாம் மாதம்.

“அம்மா, அப்பாவுக்கு வந்தது வம்சத்துல வர்றதா? எனக்கும் இருக்குமா? வயித்துல இருக்கறதுக்கு?” என்று போனில் கேட்டிருந்தாள்.

“தெரியலடி. தெரிஞ்சா முதல் போன் உனக்குத்தான்.”

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், கணினித் திரையில் அவள் பங்குக்கு வந்த கோப்புகளில் மூன்றாவது அவருடையது. முடிவு உள்ளே இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும். ஆனால் சொந்தக்காரர் கோப்பை யாரும் திறக்கக் கூடாதென்பது அந்த அறையின் சட்டம். மச்சான் கோப்பை எட்டிப் பார்த்ததற்காக எதிர் மேசைக்காரனை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தவளே அவள்தான். மவுஸை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கோப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

அவனுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர். ரகசியம் பேசினாலும் வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கேட்கும்.

“தம்பி, எங்க வீட்டுக்காரரோடது. நீ போட்டுடு. என்கிட்ட மூச்சு விடாத.”

“என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சுக்கா.”

“சாவிய எங்கயாவது தூரமா எறி.”

அவன் மும்முரமாகத் தட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று தன் திரையையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

“ஐம்பத்தெட்டுதான். சந்தேகமே வேண்டாம். ஒன்பது இல்ல, எட்டு! நல்லா பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

அவள் நிமிர்ந்தாள். அவன் திருட்டு முழி முழித்து, குரலைத் தணித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேற்பார்வையாளரிடம் சரிபார்க்கிறான் போலிருக்கிறது.

அடுத்து வந்தது ஒரு கால் முறிவு. இடதா வலதா என்று மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. மகளிடம் எப்படி ஆரம்பிப்பது? ‘பயப்படாத’ என்று ஆரம்பித்தால் அந்த வார்த்தையிலேயே பயந்துவிடுவாள்.

சாயங்காலம் டாக்டரம்மாவின் அறையில் கணவர் உட்காருவதற்குள் இவளே கேட்டுவிட்டாள். “பரம்பரைதானே டாக்டர்?”

“யார் சொன்னது?”

“இல்ல… ஐம்பத்தெட்டுன்னு…”

“உங்க நம்பரெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இது நடுவுல வந்தது. அவரோட உடம்பே அவர் அணுவை எதிரின்னு நினைச்சு உடைக்குது. பொண்ணைப் பத்தின பயம் வேண்டாம். மாத்திரைய மட்டும் நாமளா நிறுத்தக் கூடாது. ரொம்ப நாள் பாத்துக்கணும்.”

“எதனால டாக்டர் அப்படி நினைக்குது?”

“பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல.”

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பதிலைத் திருப்பி அனுப்பியிருப்பாள். இன்று வாங்கிக்கொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டாள். “நடுவுல வந்ததுதான்டி. உனக்கு இல்ல” என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்பாகிட்ட குடு” என்றாள் மகள்.

பஸ் நிறுத்தத்தில் ஸ்பீக்கர் தன் மனைவியோடு நின்றிருந்தான்.

“கண் டாக்டர்ட்ட காட்ட வரச் சொல்லியிருந்தேன்க்கா. போன தடவ ஐம்பத்தொன்பதுல ஏறி ஊர்க்கோடிக்குப் போயிட்டா. அதான் மத்தியானம் போன்ல கத்தினேன். ஆபீஸ் நேரத்துல வீட்டுக்குப் பேசறேன்னு நீங்க முறைச்சீங்க, எனக்கு உயிரே போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியும் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. ஸ்பீக்கர் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான்.

“எதனால சிரிக்கற?” என்றார் கணவர்.

ஐம்பத்தெட்டு வந்து நின்றது.

“முதல்ல ஏறி உக்காருங்க. நிக்க வேண்டாம்” என்று முழங்கையைப் பிடித்து அவரை ஏற்றிவிட்டாள்.