வெட்டி எறிந்த இடைவெளி

ஜெனோவா முதன்முதலாக எங்கள் தி.நகர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்த அன்று, மைக் முன்னால் நின்று, "நா ரெடி சார். இன்னா, பாடலாமா?" என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியராக உட்கார்ந்திருந்த நான், "இன்னா கின்னா எல்லாம் மீன் மார்க்கெட்டோட வெச்சுக்கம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில் கரைவலை இழுக்கும் குடும்பம் அவளுடையது. தானே எழுதி, மெட்டுப் போட்டு, கிடாருடன் பாடுவாள். அதற்குப் பிறகு பத்து வருடம், அவள் பாட்டிலும் பேச்சிலும் கடலோரத்தின் சாயலே இல்லை. ஊர் கேட்டால் மயிலாப்பூர் என்பாள். நல்ல உச்சரிப்பு என்று நான் பாராட்டியும் இருக்கிறேன்.

போன வருடம் ஒரு புதுப் பாட்டோடு வந்தாள். வலை இழுக்கும்போது அவள் அப்பா பாடும் அம்பாப் பாட்டின் மெட்டு; வார்த்தைகள் அவளுடையவை, குப்பத்துப் பேச்சில்.

"இத்த மட்டும் நல்லா பண்ணிக் குடுங்க சார். என் பாட்டு எதையும் எங்கப்பா முழுசா கேட்டதில்ல. யார் வூட்டுப் பாட்டோன்னு எழுந்து போய்டுவாரு."

ஹெட்ஃபோனில் கிளிக் கொடுத்தேன். தாளம் பிசகாமலிருக்க ஓடும் டக் டக் சத்தம். ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் அதை விட்டுவிட்டு நின்றாள். ஒரு முறை கொஞ்சம், மறுமுறை அதிகம். தாளம் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்காமலே இடைவெளிகளை வெட்டி ஒரே அளவாக்கினேன். அவள் பாடிய மூலப் பதிவை, அந்த டேக்கை, அழித்தும் விட்டேன்.

போட்டுக் காட்டியபோது, "அல எங்க சார்?" என்றாள்.

"எந்த அலை?"

"காலைல கரைக்கு வாங்க."

போனேன். முப்பது பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அவள் அப்பா ஒரு வரி பாடி நிறுத்தினார். யாரும் அசையவில்லை. அலை எழும்பி வலையைத் தூக்கிய நொடியில் அடுத்த வரி வந்தது. முப்பது உடம்பும் ஒன்றாகப் பின்னால் சாய்ந்தன. மறுபடியும் நிறுத்தம், இம்முறை நீளமாக. கடலுக்கென்று அந்தப் பாட்டில் இடம் விட்டிருந்தார்கள். நான் அதைத்தான் வெட்டி எறிந்திருந்தேன்.

"இன்னா நைனா, வேடிக்க பாக்கவா வந்த? கவுத்த புடி" என்றார் அவர். பிடித்தேன்.

டேக்கை அழித்ததை அவளிடம் அங்கேயே சொன்னேன். கயிற்றின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, "இங்கயே பாடறேன். கவுத்துல நின்னுக்கினு" என்றாள்.

மறுநாள் ரெக்கார்டரோடு போனேன். அப்பாவின் இடத்தில் அவள் நின்று பாடினாள். அவர் கயிற்றில் ஒருவராக இழுத்தார். வலை கரையேறும் வரை நான் எங்கும் நிறுத்தாமல் பதிவு செய்தேன்.

"ஓகேவா சார்?"

நாற்பது வருடம் சொல்லிப் பழகிய 'ஓகே'வை இம்முறை நான் சொல்லவில்லை. "அப்பாவைக் கேளும்மா" என்றேன்.

அவர் கைமண்ணைத் தட்டினார். "பரவால்ல மே. மூணாவது இழுப்புல மட்டும் அவசரப்பட்டுட்ட. நாளைக்கு வந்து பாடு."

பதிவை அன்று பலமுறை போட்டுக் கேட்டேன். அந்த அவசரம் என் காதுக்குப் பிடிபடவே இல்லை. மறுநாள் விடிந்ததும் நானும் ஜெனோவாவும் மீண்டும் கரைக்குப் போனோம்.