டைமிங் பெல்ட்டும் நாலு வருஷத்து வியாழக்கிழமைகளும்

சின்ன மாமாவின் டீசல் காரை நான் வாங்கியபோது அதில் எல்லாமே வேலை செய்தது, கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் தவிர. அது எப்போது நின்றுபோனது என்று மாமாவுக்கே தெரியவில்லை. "வண்டி ஓடுதுல்ல, நம்பர் ஓடாட்டி என்ன" என்றார். பெரம்பலூரிலிருந்து அரியலூரில் இருக்கும் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தவள் நான். எனக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை.

முதல் சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் கேட்டார். "டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க டீச்சர்?"

"அது என்னங்க?"

"இன்ஜின்ல மேல சுத்துறதையும் கீழ சுத்துறதையும் ஒண்ணா புடிச்சு வச்சிருக்கற ரப்பர் பட்டைங்க. பல்லு பல்லா இருக்கும். அது அறுந்துச்சுன்னா பிஸ்டன் போயி வால்வுல முட்டிரும். அப்புறம் இன்ஜின மறந்துட வேண்டியதுதான்."

"அறுந்துபோறதுக்கு முன்னாடி சத்தம் ஏதும் வருமா?"

"பெரும்பாலும் வராதுங்க. ஓடிக்கிட்டே இருக்கும், அறுந்துடும்."

இந்த வண்டிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்றார். அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டேன். "மாத்திட்டேனே. பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடிதான் ஜெயங்கொண்டத்துல விட்டு மாத்துனேன்" என்றார். அவர் மகளின் கல்யாணம் முடிந்து நாலு வருஷம். ஆக, வருஷக் கணக்கில் இன்னும் இடம் இருந்தது. கிலோமீட்டர்தான் யாருக்கும் தெரியாது.

"கல்யாணத்துலேர்ந்து எவ்வளவு ஓடிருக்குன்னு கேட்டுட்டு வாங்க" என்று மெக்கானிக் அனுப்பிவைத்தார்.

அந்த வாரம் முழுக்கப் பாட்டை நிறுத்திவிட்டு இன்ஜினுக்குக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினேன். வேகமாகப் போனால் அறுந்துவிடுமோ என்று சைக்கிள் வேகத்தில் போனேன். பின்னால் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ஏம்மா, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க. ரிப்பேர் ஆயிடக் கூடாதுன்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டைக்குப் போனேன். மாமாவும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கார் போன ஊர்களை எல்லாம் சொல்ல, நான் போனில் தூரம் பார்த்துக் கூட்டினேன். சாவு, காதுகுத்து, வளைகாப்பு எதையும் அத்தை விடவில்லை. எந்த ஊரில் எந்தப் பந்தியில் ரசம் புளித்தது என்பதுவரை சொன்னார்.

"கல்லங்குறிச்சிக்கு மூணு தடவ" என்றார்.

"ரெண்டு" என்றார் மாமா.

"மூணு. மூணாவது தடவ தேருக்குப் போயி, வண்டிய எங்க விட்டோம்னே தெரியாம ஊரெல்லாம் தேடுனோம்."

"தேடுனது நடந்துதான். அது கணக்குல வராது."

எப்படிக் கூட்டியும் முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை. எனக்கு உயிர் வந்தது. மாமாதான் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் இருந்தார்.

"ஒரு நாப்பதாயிரம் சேத்துக்க."

"எதுக்கு மாமா?"

"சும்மா சேத்துக்க. இன்ஜின் போயிடக் கூடாதுல்ல."

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "நாப்பதாயிரமா? நான் இல்லாம எங்க போனீங்க?"

பக்கத்து ஊரில் முந்திரி வியாபாரம் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமைதோறும் மாமா போனது வாலிகண்டபுரத்துக்கு. அங்கேதான் பெரிய மாமா, அவருடைய அண்ணன், பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டார். பாப்பாவின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டதாகப் பெரிய மாமா மண்டபத்திலேயே சண்டை போட்டார். இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருவரும் எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை அன்றோடு முடிந்தது என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

"அண்ணன் வூட்டுக்குள்ள நான் போகல. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார் மாமா. "சிவன் கோயில் பக்கம் வண்டிய நிறுத்துவேன். அண்ணன் வந்து ஏறிக்கும். உக்காந்து பேசிக்கிட்டிருப்போம்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"மத்தியானம் வரைக்கும். வெயிலுக்கு ஏசி போட்டுக்குவோம்."

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பெரிய சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக, "அக்கா எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"எந்த அக்கா?" என்றார் மாமா.

பெரிய மாமாவின் மனைவிதான். இரண்டு பேரும் நாலு வருஷமாகப் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் இரண்டு வீட்டிலும் ஆண்கள் இல்லாததால் அன்றைக்குத்தான் நிம்மதியாகப் பேச முடியுமாம். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒளித்துவைக்க இனி ஒன்றும் இல்லை என்ற ஏமாற்றம் இரண்டு முகத்திலும் தெரிந்தது.

எனக்கோ கவலை திரும்ப வந்துவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "வண்டிய நிறுத்தி வச்சுக்கிட்டு ஏசி போட்டா அந்த பெல்ட் சுத்துமாங்க?"

"இன்ஜின் ஓடுனா அதுவும் சுத்துமுங்க. கிலோமீட்டர்தான் ஏறாது."

அப்படியானால் அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சையும் தூரத்தோடு சேர்க்க வேண்டும். அதை எப்படிக் கூட்டுவது என்று தெரியவில்லை. கணக்கை விட்டுவிட்டு பெல்ட்டையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். மாமாவும் கூட வந்தார்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி, பட்டையை உருவி, அதன் முதுகில் இருந்த எழுத்தைத் துடைத்துப் பார்த்தார். "டீச்சர், இத யாரும் மாத்தவே இல்லீங்க. வண்டி பொறந்தப்ப போட்ட பெல்ட்டு."

"அப்ப நான் மாத்துனது?" என்றார் மாமா.

மெக்கானிக் வெளிப்பக்கம் தெரிந்த இன்னொரு பட்டையைத் தொட்டுக் காட்டினார். "இதா இருக்கும். ஏசி பெல்ட்டு."

"ஜெயங்கொண்டத்துக்காரரு பெல்ட்டுன்னுதான சொன்னாரு" என்று மாமா முணுமுணுத்தார்.

கழற்றிய பட்டையை வளைத்தபோது ஒவ்வொரு பல்லின் அடியிலும் வெடிப்பு தெரிந்தது. பத்து வருஷமாக அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது அத்தனையையும் இழுத்தது அதுதான். இதைக் கட்டிக்கொண்டா சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே போய்வந்தேன் என்று அதை இரண்டு தடவை வளைத்து வளைத்துப் பார்த்தேன். புது பெல்ட்டோடு அதை இழுத்துப் பிடிக்கும் உருளையையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். அந்தத் தேதியை வண்டிக்குள்ளேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

கார் என்னிடம் வந்துவிட்டதால் மாமாக்களுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன மாமா பஸ்ஸில் பெரம்பலூருக்கு வந்துவிடுகிறார். நான் அவரை வாலிகண்டபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். அவர்கள் ஏசியில் உட்கார்ந்திருக்க, நான் மரத்தடியில் நிற்பேன். பசித்தால் பெரிய மாமா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். கோயிலிலிருந்து ஒரு தெரு தள்ளித்தான் வீடு.

போன வாரம் வெயில் தாங்கவில்லை. கண்ணாடியைத் தட்டினேன். சின்ன மாமா பாதி இறக்கினார்.

"வூட்டுக்குள்ள போயி ஃபேனுக்குக் கீழ உக்காந்து பேசக் கூடாதா மாமா?"

இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். பெரிய மாமாதான் பதில் சொன்னார்.

"அது எப்படிம்மா முடியும்? நாங்கதான் பேசிக்கிறதில்லையே."

ஏசி வெளியே போகிறது என்று சின்ன மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.