முதல் மூன்று பேரை வேண்டாம் என்று சொல்

நேற்று அண்ணன் மகள் கைபேசியில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதாவது, தள்ளுவது. கட்டைவிரல் ஒரு பக்கம் போனால் ஒருவன் காலி. "தள்ளினவனத் திரும்பக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் அத்தை, அவங்க அங்கயேதான் இருப்பாங்க" என்றாள். எனக்கு ஒரே ஏமாற்றம். அப்படியானால் அந்தப் புதிருக்கே இனி வேலை இல்லையே!

எந்தப் புதிர் என்று கேட்பீர்கள். அப்போது எனக்குக் கல்யாண வயது; குன்னூரில் ஒரு தேயிலை ஏல அலுவலகத்தில் வேலை. தினமும் அரவேணுவிலிருந்து பஸ். ஏலத்துக்கு வரும் தேயிலை மாதிரிகளைப் பிரித்து, சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். அந்த வாசனை சேலையில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட என் வேலையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தேயிலை விலை சரிந்து கிடந்த காலம், வாங்க ஆளில்லை. மாதிரிகளைச் சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாள்களைப் படிப்பதுதான் முக்கால்வாசி வேலை. அப்படி ஒரு தாளில்தான் அது இருந்தது.

பத்து வரன்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் போனவர் திரும்பமாட்டார். பத்தில் மிகச் சிறந்தவரைப் பிடிப்பது எப்படி? கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைப் பிடித்தால் பத்தில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்று பேரை, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மூவரையும் மிஞ்சுகிறவர் வந்ததும் சரி என்றால், ஏறக்குறைய பத்தில் நாலு! நான் நம்பவில்லை. எண் எழுதிய பத்துச் சீட்டுகளை டீ சுவை பார்க்கும் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி எடுத்தேன். சாப்பாடு ஆறிப்போனது. சரியாகத்தான் வந்தது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். விடுவேனா?

முதல் மூவரும் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். இரண்டாமவருக்குக் கோத்தகிரிப் பக்கம் பெரிய தேயிலைத் தோட்டமே இருந்தது. அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். புதிரில் ஒன்றை மட்டும் எழுதவில்லை. பத்துப் பேர் வராமலே போகலாம். எங்கள் துண்டுத் தோட்டத்து இலைக்கு விலை இன்னும் படுத்ததும், கல்யாணத் தரகர் எங்கள் படி ஏறுவதை நிறுத்திவிட்டார்.

"மூணும் நல்ல எடம். உன்ற கணக்குல எல்லாம் போச்சு கண்ணு. ஏலத்துல போகாத லாட்டு மாதர ஊட்லயே இரு" என்றாள் அம்மா. சிரித்து மழுப்பினேனே தவிர, தனியாகவே இருந்துவிடுவேனோ என்று உள்ளுக்குள் உதறல்தான்.

வெகுநாள் கழித்து நாலாமவர் வந்தார். டுட்டோரியலில் கணக்கு வாத்தியார். பேசிவிட்டு வரட்டும் என்று எங்களைப் பின்பக்கத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கவாத்து செய்யக் காசில்லாமல் தேயிலைச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்றன.

"எனக்கு முன்னாடி எத்தன பேருங்க வந்தாங்க?"

"மூணு பேருங்க."

"மூணு பேரையும் நீங்களே வேண்டாம்னுட்டீங்களா?"

"ஆமாங்க."

மூன்று விரல்களை மடக்கிப் பார்த்தார். "மொத்தம் பத்துன்னு வச்சீங்களா?"

அதே புதிரை அவரும் படித்திருக்கிறார்! கோத்தகிரித் தோட்டமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடிபட்டுப் போனது. சரி என்று கத்தாத குறை. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"நீங்க எத்தன பொண்ணுங்க பாத்திருக்கீங்க?"

"நீங்கதானுங்க மொதல்."

விதிப்படி முதலில் வருகிறவளை வேண்டாம் என்றுதானே அவர் சொல்ல வேண்டும்! அவர் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கிக்கொண்டே நின்றார்.

"பத்துல நாலு வாய்ப்பு இருக்கறப்போ பத்துல ஒண்ண எடுத்தா, பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுக்க எனக்கு யோக்கித இருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"இல்லாட்டிப் போவுது, உடுங்க" என்று சிரித்தார்.

எங்கள் அந்தத் துண்டுத் தோட்டத்தில் இப்போது தங்கும் விடுதி. ஏலம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, கூவுகிற சத்தமே கிடையாது. போன வருஷம் அவரும் போய்விட்டார். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும், பத்தில் அந்த ஒன்று அவருக்கு அடித்ததா என்று நான் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால், "மீதி ஒம்பதப் பாக்காம எப்படீங்க சொல்றது?" என்றிருப்பார். அந்தப் பதிலுக்காக அவரோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.