ஒகுயாமா சுற்றிய முதல் சுருள்

மாதத்துக்கு இரண்டு தடவை ஒகுயாமா வாய் திறந்து பேசுவார். மற்ற நாளெல்லாம் பேச ஆள் கிடையாது. அகிதா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அப்படியில்லை. அங்கே புகைபிடிக்க ஒரு அறை உண்டு. ஊர் வம்பு அத்தனையும் அங்கேதான் அளக்கப்படும். டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டி மிரட்டியதும் மனிதர் சிகரெட்டை விட்டார். சிகரெட்டோடு அந்த அறை போயிற்று, அறையோடு கூட்டாளிகளும் போனார்கள். பிறகு வேலையிலிருந்தும் ஓய்வு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். செந்தாய் நகரத்தில் இருக்கும் தங்கை புத்தாண்டன்று போன் செய்வாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்பாள், வைத்துவிடுவாள்.

மிச்சம் இருந்தது ரயிலடிக்குப் பின்னால் உள்ள, வேப் என்கிற ஆவிக்கருவி விற்கும் கடை ஒன்றுதான். சிகரெட்டுக்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்ட அந்த ஆவிக்கருவிக்குள் சின்னதாக ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது சூடாகி, பஞ்சில் ஊறிய திரவத்தை ஆவியாக்கும். இரண்டு வாரத்தில் கருகிப்போகும். புதிது வாங்கப் போக வேண்டும். போகிற வழியில், பஸ்ஸிலேயே, என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்வார். வெட்கக்கேடுதான், வேறென்ன செய்வார்?

கடைக்காரி மிசாதோ நல்லவள், ஆனால் வாய்த்துடுக்கு.

"வாங்க ஒகுயாமா சான், மறுபடியும் கருக்கிட்டீங்களா? வீட்டுல ஆவி விடுறீங்களா, மீன் சுடுறீங்களா?"

"மீன் சுட்டிருந்தா உங்களுக்கு ஒரு துண்டு கொண்டு வந்திருக்க மாட்டேனா, கடைக்காரம்மா?"

இவ்வளவுதான் பேச்சு. இதை வைத்துக்கொண்டே அடுத்த இரண்டு வாரத்தை ஓட்டிவிடுவார்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் அவரை மேஜையருகே உட்கார வைத்தாள். "எத்தனை நாளைக்குத்தான் ரெடிமேட் வாங்கிக் காசைக் கரியாக்குவீங்க? நீங்களே சுத்திக்கங்க" என்று கருவியின் தலையில் பொருத்தும் புதுக் கிண்ணம் ஒன்றையும் கம்பி உருண்டையையும் பஞ்சையும் எடுத்துவைத்தாள். மெல்லிய இரும்புக் குச்சியின் மேல் கம்பியை எப்படிச் சுற்றுவது, சுருளின் நுனியில் நீளும் இரண்டு கால்களையும் கிண்ணத்தின் எந்த ஓட்டையில் விட்டுத் திருகுவது என்று செய்து காட்டினாள். "பஞ்சைப் போட்டுத் திணிக்காதீங்க. மெத்தையா தைக்கிறீங்க?" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி வந்தார்.

வீட்டில் வைத்துச் சுற்றினால் கம்பி சொன்ன பேச்சைக் கேட்குமா? முதல் சுருள் விடுபட்டுத் துள்ளி எங்கேயோ போயிற்று. இரண்டாவதை அளவுக்கு மேல் திருகினார், ஒரு கால் ஒடிந்தது. துறைமுகத்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மூன்றாவதைச் சுற்றினார். பொத்தானை அழுத்தியதும் ஒரு ஓரம் மட்டும் சிவந்தது. இடுக்கியால் மெல்ல நெருக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை நடுவில் பிடித்த சிவப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பரவியது. பஞ்சைக் கோத்து, முலாம்பழ வாசனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, மூடி, இழுத்தார்.

கடையில் வாங்கிய எந்தச் சுருளும் அப்படி ஒரு ஆவி கொடுத்ததில்லை!

"அடேயப்பா!" என்றார் வாய்விட்டு. தன் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. யாரிடம் காட்டுவது? அப்போதுதான் கம்பி உருண்டை கண்ணில் பட்டது. இன்னும் சில வருஷத்துக்குத் தாங்கும். பஞ்சும் அப்படியே. இனி அந்தக் கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை. திரவம்கூடப் பெரிய புட்டியாகத்தான் தந்திருந்தாள், புண்ணியவதி.

ஆவி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அதே இடுக்கியை எடுத்து, அத்தனை அழகாக வந்த சுருளை நசுக்கினார். பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப் போய்க் கடை வாசலில் நின்றார். "எனக்குக் கை வரல, கடைக்காரம்மா. இன்னொரு தடவை சொல்லிக் குடுக்கணும்."

மிசாதோ கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். "ஐயய்யோ, இது மேல லாரியா ஏறிச்சு?"

இருவரும் சிரித்தார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவள் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான். வயசானவரைப் போட்டுப் பாடாப்படுத்திட்டேன். விடுங்க, இனிமே ரெடிமேட் சுருளை மாசாமாசம் பார்சல்ல அனுப்பிடறேன். இந்தப் பனியில அலைஞ்சு எங்கயாவது வழுக்கி விழுந்து வைக்காதீங்க. எங்க, அட்ரஸ் சொல்லுங்க."

"பார்சல் வேண்டாம்மா." கிண்ணத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வீட்டுல எனக்குன்னு யாரும் இல்ல. பார்சலோட உக்காந்து நான் என்னத்தப் பேசுறது?"

மிசாதோ விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள்ல இதுதான் ஒகுயாமா சான் நீங்க அடிச்ச நல்ல ஜோக்! சரி, சொல்லுங்க. எந்தத் தெரு?"

அவரும் சிரித்து வைத்தார். பிறகு தெருவைச் சொன்னார், கட்டிடத்தின் பெயரைச் சொன்னார், கதவு எண்ணையும் தப்பில்லாமல் சொன்னார்.