ஒரு நாள் பிந்திய மழை

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்கா என்று பெயர். கோபமே வராது, செய்கிற வேலை அப்படித்தானே என்று சிரித்துவிடுவாள். மலையில் எங்கே எவ்வளவு மழை பெய்தால் கீழே ஆறு எப்போது, எவ்வளவு உயரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள். இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்த கணக்கு. அது சரியாக வந்தால், வெள்ளம் வருமுன்பே அணையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். வராவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், அணை நிரம்பிய பிறகு மொத்தமாகத் திறப்பார்கள், ஆற்றோரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதில் ஒரு தெருவில்தான் அவள் தங்கை குடியிருந்தாள்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன கணக்கு, பழைய வெள்ளங்களை வைத்துச் சோதித்தபோதெல்லாம் ஒரு நாள் தாமதமாகவே வந்தது. "வெள்ளம் வந்து போனப்புறம் வெள்ளம் வரும்னு சொல்ல எதுக்கும்மா கம்ப்யூட்டர்?" என்றார் தலைமைப் பொறியாளர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. இல்லேன்னா மூட்டை கட்டிடலாம்."

மண்ணைக் குறை சொன்னாள், மலைச் சரிவைக் குறை சொன்னாள், தன்னையே திட்டிக்கொண்டாள். வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல், மலையில் மழை அளக்கிற போஸ்ட்மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கு நாப்பது மில்லிமீட்டர்னு எழுதியிருக்கீங்களே சார், இன்னும் பெய்யுதா?"

"இன்னைக்கா? இங்க வெயில் கொளுத்துது. பெஞ்சதெல்லாம் நேத்துப் பகல்ல. காலைல எட்டு மணிக்கு அளந்தேன், அதான் இன்னைக்குத் தேதி. முப்பது வருஷமா அப்படித்தாம்மா எழுதறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு பாவம், ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. இரண்டு வருஷத்தில் இதை ஒரு வார்த்தை கேட்காதது யார் தப்பு? சாட்சாத் இவள் தப்புதான். ஒவ்வொரு மழையையும் அதற்கு முந்தின நாளில் கொண்டுபோய்ப் போட்டாள். பழைய வெள்ளங்கள் எல்லாம் டாண் என்று அதனதன் நேரத்துக்கு வந்து நின்றன.

அடுத்த மாதம் அடைமழை. அவள் கணக்கை நம்பி அணையை முன்கூட்டியே திறந்தார் பொறியாளர். அவளுக்குத்தான் முழு நம்பிக்கை வரவில்லை. தங்கையிடம், "எதுக்கும் சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்திடு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை தங்கை கூப்பிட்டாள்.

"ஏங்க்கா, உனக்கு மனசாட்சி இருக்கா? பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜுன்னு நானும் அவருமா மாடிக்கு ஏத்தினோம். இடுப்பே போச்சு. தெருவுல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. நீயே வந்து இறக்கிக் குடு."

இவ்வளவு சந்தோஷமாக அவள் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பீரோ இறக்கக் கிளம்பினாள்.