கை காட்டினால் கை காட்டுவார்கள்

சிட்னித் துறைமுகத்தில் ஒரு ஞாயிறு பாய்ப்படகில் போகலாமா என்று புதிதாக வருகிற எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். 1977 பெப்ரவரியில் நான் போனேன். நானாகப் போகவில்லை, குலம் அண்ணை கூப்பிட்டார். நான் பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் தூக்கி எறிந்துவிட்டு, பரமட்டாவில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

குலம் அண்ணை கடலோடிகளின் ஊரான வல்வெட்டித்துறைக்காரர். வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை. இந்த நாட்டில் தொடர்ந்து இருப்பதற்கு, 'இவரை நிரந்தரமாக வைத்திருப்போம்' என்று முதலாளி ஒரு கடிதம் தரவேண்டும். அது கிடைத்தால்தான் ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். முதலாளி கென்னிடம் இருபத்தெட்டு அடிப் பாய்ப்படகு ஒன்று இருந்தது, அதில் கயிறு இழுக்க ஆள் இல்லை. குலம் அண்ணை மூன்று ஞாயிறு இழுத்துவிட்டார். நான்காம் ஞாயிறு போட்டி, இன்னும் ஒரு ஆள் வேண்டும். கடிதம் திங்கட்கிழமை என்று கென் சொல்லியிருந்தான்.

பரமட்டாவிலிருந்து காலை 8.10 ரயில். நகரத்துக்குள் ஒரு முறை மாறி, சேர்குலர் கீ படகுத்துறை வந்து சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து மொஸ்மனுக்குப் படகுச் சேவை, இருபது நிமிடம். போகவர எல்லாமாக ஒன்றரை டொலருக்குள் முடியும். தொப்பி கொண்டுபோங்கள். நான் கொண்டுபோகவில்லை, மூக்குத் தோல் ஒரு கிழமை உரிந்தது.

இறங்குதுறையில் நின்றபடியே குலம் அண்ணை எனக்குச் சட்டம் சொன்னார்.

"டேய் சிவா, வாயை மூடிக்கொண்டு வா. அவன் கத்தினாலும் கத்தட்டும். எனக்கு நாளைக்குக் கடிதம் வேணும்."

"உங்களுக்கு அவன் படகு ஓட்டக் காட்டித் தாறானோ அண்ணை?"

"ஓம். போன கிழமை முடிச்சுப் போடக் காட்டித் தந்தவன். நானும் 'அப்பிடியோ' எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான்."

பத்து வயதில் பாய் பிடித்த மனிதர். சிரிக்காமல்தான் சொன்னார்.

படகின் பெயருக்கு அமைதி என்று பொருள். ஏறியதிலிருந்து கென் கத்தத் தொடங்கினான். கூட அவனுடைய சிநேகிதன் டக். டக்கின் வேலை பியர் ரின், அதாவது தகர டப்பா, திறப்பது. குலம் அண்ணை பெரிய பாய்க் கயிற்றில், நான் முன்பாய்க் கயிற்றில், சுக்கானில் கென். பதினொன்றரைக்குப் புறப்பட்டோம்.

துறைமுகத்தின் அழகைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் படகுக்காரர்களைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பரமட்டாச் சந்தையில் எவ்வளவு சனமோ அவ்வளவு படகு. காற்று வலப்பக்கத்தால் வருகிற படகுக்கு மற்றது வழிவிட வேண்டும் என்பது சட்டம். வழி கேட்கிறவன் "ஸ்டார்போர்ட்!" என்று கத்தவேண்டும். காற்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் எல்லோரும் கத்தினார்கள். கென் ஒரு மிதவையைப் பார்த்தும் கத்தினான். முன்பாய் மறைப்பதால் எதிரே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. வெறும் ரின் தண்ணீருக்குள் போகும். சிறுநீரும் அப்படித்தான், பயணிகள் படகு பக்கத்தால் போகும்போதுகூட. ஒருவன் இன்னொருவனின் நங்கூரச் சங்கிலிக்கு மேலேயே தன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அவனிடமே தீப்பெட்டி கேட்டான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பழக்கம் ஒன்று இருந்தது. கை காட்டுவது. தெரிந்தவன், தெரியாதவன், இடிக்க வந்தவன், எல்லோருக்கும். மோதப் பார்த்து, கெட்டவார்த்தையால் ஏசியவன் பத்து அடி விலகியதும் பல்லைக் காட்டிக் கை காட்டுவான். டக் பியர் ரின்னோடு காட்டுவான்.

இரண்டரை மணியளவில் வடகிழக்குக் காற்று பிடித்தது. போட்டியில் நாங்கள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தோம். பிராட்லிஸ் ஹெட் முனைக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது அந்தச் சின்ன வாடகைப் படகைக் கண்டேன். ஒரு மனிதன் இயந்திரக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். இயந்திரம் எடுபடவில்லை. கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் எழுந்து நின்று, கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள்.

எங்களுக்கு அது 'வா'. பஸ்ஸைக் கூப்பிடுவதும், கடைக்காரனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். இந்த நாட்டில் 'வா' என்றால் உள்ளங்கை மேலே பார்க்கவேண்டும். கீழே பார்த்தால் 'போய் வருகிறேன்'. எங்களுக்கு முன்னால் போன படகில் இருந்தவர்கள் அவளுக்குச் சந்தோஷமாகக் கை காட்டிவிட்டுப் போனார்கள். டக்கும் ரின்னைத் தூக்கினான்.

"அண்ணை, அந்த மனிசி கூப்பிடுது."

"தெரியும்."

"சொல்லுங்கோவன்."

"பின்னால வாறவை ஆரும் பாப்பினம். பேசாம இரு."

நான் கென்னிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஹலோ சொல்கிறாள் என்றான் கென். சொல்லிவிட்டு அவனும் கை காட்டினான். அவள் இன்னும் வேகமாக விரல்களை மடக்கினாள். அவளுக்குப் பின்னால் பாறை. பக்கத்தில் மான்லியிலிருந்து வரும் பெரிய பயணிகள் படகு முனையைச் சுற்றிக்கொண்டு வந்து ஊதியது.

குலம் அண்ணை அந்தப் பெண்ணைப் பார்த்தார். கென்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை விட்டார்.

பெரிய பாய் படபடவென்று அடித்தது, படகு வேகம் இழந்தது. கென்னின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. அதுவரை அவ்வளவு வாய் காட்டிய என் கையிலும் ஒரு கயிறு இருந்தது. அவர் "விடடா!" என்று சத்தம் போட்ட பிறகுதான் நான் விட்டேன். கென்னைத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்தவர், படகைத் திருப்பி, கயிறு எறிந்து, அவர்களை இழுத்தெடுத்தார். கிரேக்கக் குடும்பம். பாறைக்கும் அவர்களுக்கும் இடையில் பத்து மீட்டர்கூட இல்லை. அந்தப் பெண் குலம் அண்ணையின் கையைப் பிடித்து அழுதாள்.

நாலரைக்குப் படகுக் கழகத்துக்கு வந்தோம். கென் மேசைக்கு மேசை போய், தான் அந்தப் பெண்ணின் ஆபத்தைத் தூரத்திலேயே கண்டுபிடித்த கதையைச் சொன்னான். கை தட்டினார்கள். பியர் வாங்கிக் கொடுத்தார்கள். நாங்கள் ஈரப் பாய் மடித்தோம்.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. சொல்லாமல் கயிற்றை விடுகிற ஆளுக்கு எப்படிப் பொறுப்பெடுப்பது என்று கென் கேட்டானாம்.

ஒரு மாதம் கழித்து மெல்பேர்ணில் ஒரு வேலைக்குக் குலம் அண்ணையை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்கு, ஆகவே முதல்நாளே போகவேண்டும். பகல் ரயில் காலை எட்டுக்குச் சற்று முன்னால் சென்ட்ரலில் புறப்படும். பதின்மூன்று மணி நேரம், 960 கிலோமீட்டர். பெட்டியை ஏற்றும்வரை அவருடைய கோப்பு ஒன்றை, வழியனுப்பப் போன என்னிடம் தந்தார். பட்டம், சான்றிதழ், கடவுச்சீட்டு, எல்லாம் அதற்குள்.

குளிரூட்டிய பெட்டி, கண்ணாடி திறக்காது. ரயில் அசைந்ததும் குலம் அண்ணை கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கையை நீட்டினார். உள்ளங்கை கீழே. விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினார். மேடையில் எல்லோரும் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு கை காட்டினேன். அவர் இன்னும் வேகமாகக் காட்டினார். நானும் இன்னும் வேகமாகக் காட்டினேன். கடைசிப் பெட்டி போன பிறகுதான் இடது கமக்கட்டுக்குள் இடுக்கியிருந்த கோப்பு குத்துவது தெரிந்தது.

ஆகவே என் ஆலோசனை. துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் உள்ளங்கையை மேலே திருப்பிக் கூப்பிடுங்கள். அல்லது சட்டையைக் கழற்றிச் சுழற்றுங்கள். சட்டை இல்லாதவனை இவர்கள் ஒரு கணம் பார்ப்பார்கள்.

அன்றைக்கே நான் பிடித்த மெல்பேர்ண் பஸ் பின்னேரம் ஆறு மணிக்கு. பதின்மூன்றரை மணி நேரம். முன்வரிசை கேட்டு வாங்குங்கள், பின்னால் முழுக்கச் சிகரெட் புகை. காலை ஏழரைக்கு இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ட்ராமில் நாற்பது நிமிடத்தில் ரிச்மண்டில் அவர் தங்கப்போவதாகச் சொல்லியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன்.

குலம் அண்ணை சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, வாசற்படியிலேயே இருந்தார். இரவு முழுக்க நித்திரை இல்லை என்று கண் சொன்னது. என்னைக் கண்டதும் எழும்பிக் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப விளங்குதோ?" என்றார்.